வீட்டு வாசலிலேயே கார் பிளக் மாற்றுவது எப்படி: எந்த டூல், எவ்வளவு முறுக்கு, எங்கே நிதானம்

ஸ்பார்க் பிளக் மலிவான சாமான். அது போய் உட்காரும் மரைதான் விலை அதிகம். இன்றைய பெட்ரோல் கார்களில் ஹெட், அதாவது எஞ்சின் சிலிண்டர்களின் மேல்மூடி, அலுமினியம். பிளக்கின் உடம்பு எஃகு. இரண்டும் மல்லுக்கு நின்றால் தோற்பது அலுமினியம்தான். மரை போய்விட்டால் பல சமயம் ஹெட்டையே இறக்கி, லேத் பட்டறையில் கொடுத்து, புது மரைக்கூடு வைத்து, புது ஹெட் கேஸ்கெட்டோடு ஏற்ற வேண்டியிருக்கும். அந்தக் காசில் பல வருஷத்துக்குப் பிளக் வாங்கிவிடலாம். அதனால் இந்த வேலையில் ஒரு கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: புதுப் பிளக்கை உள்ளே விடும்போது சுற்றுவது உங்கள் விரலா, ராட்செட் என்ற சாக்கெட் கைப்பிடியா? கீழே சொல்லும் எல்லா டூலும் விரலால் சுற்றுவதற்கான ஏற்பாடுதான்.

முதலில் ஒரு விஷயம். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதில் இருப்பது குளோ பிளக். அது வேறு வேலை, வேறு முறுக்கு. பெட்ரோல், சிஎன்ஜி, எல்பிஜி வண்டிக்காரர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

உங்கள் வண்டியில் எத்தனை, எங்கே

ஆல்டோ, க்விட், டியாகோ போன்ற மூன்று சிலிண்டர் பெட்ரோல் வண்டிகளுக்கு மூன்று பிளக். நான்கு சிலிண்டர் ஸ்விஃப்ட்டுக்கு நான்கு. பழைய ஹோண்டா சிட்டி ஐ-டிஎஸ்ஐ எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டாக மொத்தம் எட்டு. தெரியாமல் நான்கு வாங்கி வந்தால் பாதி வேலையில் மறுபடி கடைக்கு ஓட வேண்டும். ஆம்னியில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, பானட்டைத் திறந்து தேடிப் பயனில்லை.

பெரும்பாலான புது வண்டிகளில் ஒவ்வொரு பிளக்குக்கும் மேலேயே, பொறிக்கு வேண்டிய உயர் வோல்டேஜைக் கொடுக்கும் தனித்தனிக் காயில் உட்கார்ந்திருக்கும். காயிலைக் கழற்றினால் கீழே ஆழமான குழி, அதன் அடியில் பிளக். பழைய வண்டிகளில் பக்கவாட்டில் பிளக்கும் அதற்குப் போகும் தடித்த ஹை டென்ஷன் ஒயரும் வெளியிலேயே தெரியும்.

சாக்கெட்: எல்லாம் இதில்தான் இருக்கிறது

கடையில் '14 பிளக்' என்றால் மரையின் விட்டம். '16 சாக்கெட்' என்றால் பிளக்கின் அறுகோணத் தலையின் அளவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் தப்பான சாக்கெட் வாங்குகிறார்கள். 14 எம்எம் மரைப் பிளக்குக்கு 16 தலையும் உண்டு, 21 தலையும் உண்டு. மரை 12 எம்எம் ஆக மெலிந்த புது எஞ்சின்களில் 16 அல்லது 14 சாக்கெட் கேட்கும். 14 சாக்கெட்டில் இன்னொரு வில்லங்கம்: சில பிளக்கின் தலை பன்னிரண்டு முனை கொண்டது. ஆறு முனைச் சாக்கெட் அதன்மேல் உட்காராது. வாங்கிய புதுப் பிளக்கைக் கையோடு கொண்டுபோய்ச் சாக்கெட்டுக்குள் விட்டுப் பார்த்து வாங்குங்கள். அதைவிட நிச்சயமான வழி இல்லை.

சாதாரண நீளச் சாக்கெட் போதாதா என்றால், போதாது. பிளக் சாக்கெட்டுக்குள் ஒரு ரப்பர் வளையமோ காந்தமோ இருக்கும். அது பிளக்கைப் பிடித்துக்கொண்டால்தான் ஆழமான குழியிலிருந்து மேலே தூக்க முடியும், இறக்கும்போதும் நழுவி விழாமல் இருக்கும். வண்டியோடு வரும் குழாய் போன்ற பாக்ஸ் ஸ்பேனரும் அதன் ஓட்டையில் நுழைக்கும் கம்பியும் வழியில் வண்டி நின்றால் உதவும். ஆனால் கம்பியை ஒருபக்கமாகத் தள்ளும்போது ஸ்பேனர் சாயும், சாய்ந்தால் பீங்கான் விரியும்.

மற்ற சாமான்கள்: 3/8 இன்ச் ராட்செட், 6 இன்ச் எக்ஸ்டென்ஷன் ஒன்று, 10 இன்ச் ஒன்று. காயில் போல்ட்டுக்கு 10 எம்எம் டி-ஸ்பேனர். டார்ச். கேப், அதாவது பொறி பாயும் இரண்டு எலெக்ட்ரோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, பார்க்க ஃபீலர் கேஜ். பட்டறைகளில் ஃபில்லர் கேஜ் என்பார்கள், அப்படிக் கேட்டாலும் கொடுப்பார்கள். பிளக்கின் மேல்முனைப் பீங்கானில் இறுக்கமாக நுழையும் ஒரு அடி நீள ரப்பர் ஹோஸ். எக்ஸ்டென்ஷனும் சாக்கெட்டும் சேரும் இடத்தில் இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். ரப்பர் வளையம் பிளக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, எக்ஸ்டென்ஷன் மட்டும் கையோடு வந்து, சாக்கெட் குழிக்குள் நின்றுவிடுவது அடிக்கடி நடக்கும் கூத்து.

டார்க் ரெஞ்ச் என்பது நாம் வைத்த முறுக்கு வந்ததும் 'டிக்' என்று சத்தம் போடும் ஸ்பேனர். அதை வாங்குவதென்றால் கொஞ்சம் யோசித்து வாங்குங்கள். வீல் நட்டுக்கு விற்கும் 1/2 இன்ச் ரெஞ்ச் பெரும்பாலும் 28 அல்லது 40 நியூட்டன் மீட்டரில்தான் ஆரம்பிக்கும். பிளக்குக்கு வேண்டியது பெரும்பாலும் அதற்குக் கீழே. அந்த ரெஞ்சை வைத்துக்கொண்டு 'டிக்' சத்தத்துக்குக் காத்திருந்தால் முதலில் கேட்பது மரை போகும் சத்தமாக இருக்கும். 3/8 இன்ச்சில், 10 நியூட்டன் மீட்டர் வாக்கில் ஆரம்பித்து 50, 60 வரை போகும் ரகம்தான் இதற்குச் சரி.

வாங்கக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடலாம்: பேட்டரி இம்பாக்ட் கன். கழற்றவும் வேண்டாம், மாட்டவே வேண்டாம்.

எந்தப் பிளக்

வண்டியோடு வந்த புத்தகத்தில் பிளக் எண் இருக்கும். அதையே கேளுங்கள். கடைக்காரர் வேறு கம்பெனியில் இதற்குச் சமமானது என்று நீட்டினால் எண்ணைப் பார்த்து ஒப்பிடாதீர்கள். பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பதைச் சொல்வது ஹீட் ரேஞ்ச் எண். என்ஜிகே, டென்சோவில் அந்த எண் கூடினால் பிளக் குளிர்ந்த ரகம். போஷ், சாம்பியனில் எண் கூடினால் சூடான ரகம். என்ஜிகேயில் 6 என்பதால் போஷிலும் 6 என்று எடுத்தால் கதை தலைகீழாகிவிடும். கம்பெனிப் பட்டியலில் வண்டி மாடலைப் பார்த்து எடுப்பதுதான் முறை. என்ஜிகே எண்ணின் கடைசியில் 11 என்று இருந்தால் கேப் 1.1 எம்எம், 10 என்றால் 1.0 எம்எம். நடுவில் வரும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது என்பதைக் குறிக்கும். அது இல்லாத பிளக்கைப் போட்டால் ரேடியோ இரையும், எஞ்சின் கம்ப்யூட்டரும் குழம்பலாம்.

நிக்கல் பிளக் பல வண்டிகளில் 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை. இரிடியம், பிளாட்டினம் ரகங்கள் 80,000, ஒரு லட்சம் வரைகூட ஓடும். சிஎன்ஜியில் தீப்பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும், அதனால் பிளக் சீக்கிரம் தேயும். அந்த வண்டிக்குப் புத்தகம் தனிப் பிளக்கோ குறைந்த கேப்போ சொல்லியிருந்தால் அதை அப்படியே பின்பற்றுங்கள்.

போலிப் பிளக்கும் புழக்கத்தில் உண்டு. அட்டைப் பெட்டி எண்ணும் பீங்கானில் அச்சிட்ட எண்ணும் ஒன்றா, நடு எலெக்ட்ரோடு மையத்தில் நிற்கிறதா, வாஷர் கழன்று விழாமல் இருக்கிறதா என்று பாருங்கள். விலை பாதியாக இருந்தால் பார்க்கவே வேண்டாம்.

நேரம்: விடியற்காலை

சூடான எஞ்சினில் பிளக் கழற்றக் கூடாது. சூட்டில் அலுமினியம் சுலபமாக உரியும், மரையைப் பிளக்கே இழுத்துக்கொண்டு வந்துவிடும். எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற கணக்கும் ஆறிய எஞ்சினுக்குச் சொன்னதுதான். நம் வேலூர் வெயிலில், அதுவும் சித்திரை, வைகாசியில், மதியம் வெளியே நிறுத்திய வண்டியின் பானட்டைத் தொடவே முடியாது. ஒரு மணி நேரம் நிறுத்தி ஆறவைத்தோம் என்பதெல்லாம் இங்கே கணக்கில்லை. இரவு முழுக்க நிறுத்திவிட்டு, காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும்.

கழற்றுவது

சாவியை எடுத்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஓரமாக ஒதுக்குங்கள். பிளாஸ்டிக் கவர் இருந்தால் எடுங்கள்.

காயிலில் ஒயர் வந்து செருகும் கப்ளரில் ஒரு சிறு ஊக்கு இருக்கும். அதை அமுக்கிக்கொண்டு கப்ளரைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. எஞ்சின் சூட்டில் பல வருஷம் வெந்த பிளாஸ்டிக் மொறுமொறுவென்று இருக்கும், திருப்புளியால் நெம்பினால் ஊக்கு உடையும். பிறகு 10 எம்எம் போல்ட்டைக் கழற்றி, காயிலை இடதும் வலதுமாகக் கொஞ்சம் திருப்பி, பிடிப்பு விட்டதும் நேராகத் தூக்குங்கள். ஒயர் வண்டியென்றால் ஒயரின் ரப்பர் தொப்பியைப் பிடித்து இதேபோல் திருப்பி இழுக்க வேண்டும். ஒரே நேரத்தில் எல்லா ஒயரையும் பிடுங்காதீர்கள். இடம் மாறினால் எஞ்சின் வெடித்து வெடித்து ஓடும். ஒன்றைக் கழற்றி, மாற்றி, மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது.

இப்போது டார்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள். வேப்ப மரத்தடியில் நிற்கும் வண்டியில் வேப்பம்பூவும் சருகும் இருக்கும். அறுவடைக் காலத்தில் எலி கொண்டுவந்து போட்ட மல்லாட்டைத் தோலும் இருக்கும். எலி வந்திருந்தால் பக்கத்து ஒயர்களையும் ஒரு பார்வை பாருங்கள். இந்தக் குப்பையோடு பிளக்கைக் கழற்றினால் எல்லாம் நேராகச் சிலிண்டருக்குள் விழும். ஒரு மணல் துகள் போதும், சிலிண்டர் சுவரில் கீறல் விழ. கண்ணாடி போட்டுக்கொண்டு, காற்று அடித்துக் குழியைச் சுத்தம் செய்யுங்கள். சைக்கிள் பம்ப்பில் மெல்லிய குழாய் மாட்டினாலே போதும். பிறகு பிளக்கை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, இன்னொரு தரம் காற்று அடியுங்கள். பிளக் ஓரத்தில் ஒட்டியிருந்த அழுக்கு இப்போதுதான் கிளம்பும்.

குழிக்குள் எண்ணெய் நின்றால் பிளக்கைத் தொடாதீர்கள். வேலூரில் மருந்துக்கடைக்குப் பஞ்சமா? ஒரு 20 மில்லி சிரிஞ்சு வாங்கி, முனையில் மீன்தொட்டி டியூப்பை மாட்டி உறிஞ்சி எடுத்துவிட்டு, துணி சுற்றிய குச்சியால் துடையுங்கள். எண்ணெய் அங்கே வந்ததற்குக் காரணம் டேப்பட் கவர் கேஸ்கெட்டோ பிளக் குழிச் சீலோ தளர்ந்திருப்பது. அதை மாற்றாவிட்டால் எண்ணெயில் ஊறும் காயில் ரப்பர் உப்பிப்போய், தீப்பொறி பக்கவாட்டில் பாய ஆரம்பிக்கும்.

சாக்கெட்டை முழுக்க இறக்கி, நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, இடஞ்சுழியாகத் தளர்த்துங்கள். முதல் 'கிர்ர்' சத்தத்துக்குப் பிறகு கையாலேயே சுற்றி வர வேண்டும். பாதியில் மறுபடி இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். கால் சுற்று உள்ளே விட்டு, மரையில் ஊடுருவும் எண்ணெய் இரண்டு துளி விட்டு, பத்து நிமிஷம் பொறுத்து, முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டிக் கொண்டுவாருங்கள். கொஞ்சமும் அசையாத பிளக்குக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: கழற்றிய காயிலையும் பேட்டரியையும் திரும்ப மாட்டி, எஞ்சினை ஒரு நிமிஷம் ஓட்டி வெதுவெதுப்பாக்கிவிட்டு முயலலாம். அப்போதும் வராவிட்டால் பட்டறைக்குப் போங்கள். கைப்பிடியில் பைப் நுழைத்து இழுப்பவர்கள் பாதிப் பிளக்கை உள்ளே விட்டுவிட்டுத்தான் பட்டறைக்குப் போகிறார்கள்.

பழைய பிளக் சொல்வது

காலண்டர் அட்டையில் வரிசையாக ஓட்டை போட்டு 1, 2, 3 என்று எழுதி, கழற்றிய பிளக்கை அதே வரிசையில் செருகி வையுங்கள். பெல்ட் ஓடும் பக்கம் இருப்பதுதான் பெரும்பாலும் முதல் சிலிண்டர். எல்லாவற்றையும் டப்பாவில் கொட்டிவிட்டால் எது எங்கே இருந்தது என்ற தகவல் போய்விடும்.

முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எஞ்சின் நன்றாக இருக்கிறது. கறுப்பாக, உலர்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஏர் ஃபில்டர் புழுதியால் அடைத்திருக்கலாம், அல்லது வண்டி இரண்டு தெரு தாண்டி மார்க்கெட் போய் வருவதற்கு மட்டும் பயன்படலாம். முனை சுமார் 450 டிகிரிக்கு மேல் சூடானால்தான் கரி தானாக எரியும். சிறு ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. ஈரமாக, கறுப்பு எண்ணெயாக இருந்தால் வால்வ் சீல் அல்லது பிஸ்டன் ரிங். வெள்ளை வெளேரென்று கொப்புளித்திருந்தால் எஞ்சின் அதிகச் சூட்டில் ஓடியிருக்கிறது, அல்லது தப்பான ஹீட் ரேஞ்ச். ஒரே ஒரு பிளக் மட்டும் மாறுபட்டால் கோளாறு அந்தச் சிலிண்டரில்தான்.

வெளியே, பீங்கானும் இரும்பும் சேரும் இடத்தில் பழுப்புக் கறை வளையம் தெரியும். கேஸ் கசிகிறது என்று பயமுறுத்துவார்கள். உயர் வோல்டேஜ் காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்டவைப்பதால் வரும் கறை அது. பிளக் தேறும்.

கேப்

புதுப் பிளக் பெட்டியிலிருந்து வரும்போது கேப் சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் பாருங்கள். பெட்டி எங்கேயாவது விழுந்திருக்கலாம். நிக்கல் பிளக்கில் ஃபீலர் கேஜை நுழைத்தால் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். மாற்ற வேண்டுமென்றால் பக்க எலெக்ட்ரோடை மட்டும் வளையுங்கள், நடுவில் இருப்பதைத் தொடவே கூடாது. நாணயம் போன்ற சாய்வு வட்ட கேஜை இரிடியம் பிளக்கில் நுழைக்காதீர்கள். அதன் நடுமுனை ஊசி மாதிரி, நெம்பினால் ஒடிந்துவிடும். அதற்குக் கம்பி கேஜ்தான். கீழே விழுந்த பிளக்கைப் போடாதீர்கள். பீங்கான் விரிசல் கண்ணுக்குத் தெரியாது, வண்டி ஓடும்போது தெரியும்.

மாட்டுவது

இங்கேதான் நிதானம். ராட்செட்டைத் தரையில் வையுங்கள். கைக்கு எட்டும் தூரத்தில்கூட வேண்டாம்.

பிளக்கின் மேல்முனையை ரப்பர் ஹோஸில் செருகி, குழிக்குள் நேராக, மெதுவாக இறக்குங்கள். முதலில் இடஞ்சுழியாகவே ஒரு சுற்று சுற்றுங்கள். ஓரிடத்தில் மரைமுனைகள் ஒன்றையொன்று தாண்டி 'டொக்' என்று இறங்குவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலஞ்சுழியாகச் சுற்ற ஆரம்பியுங்கள். மரை சரியாகப் பிடித்திருந்தால் வெண்ணெயில் இறங்குவது போல பல சுற்று தடையில்லாமல் போகும். கோணலாகப் பிடித்திருந்தால் ஹோஸ் வழுக்கும், பிளக் நிற்கும். ஹோஸின் பெருமையே அதுதான். மரையைக் கெடுக்கும் பலம் அதற்குக் கிடையாது. வழுக்கினால் முழுக்க வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். ஹோஸ் இல்லாவிட்டால் சாக்கெட்டையும் எக்ஸ்டென்ஷனையும் மட்டும் விரல் நுனியால் பிடித்துச் சுற்றலாம்.

மரையில் கிரீஸ், எண்ணெய், மரை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தடவும் ஆன்டி-சீஸ் பசை எதுவும் தடவ வேண்டாம். பெரிய கம்பெனிப் பிளக்குகளின் மரைக்குத் துருப்பிடிக்காத பூச்சு ஏற்கெனவே உண்டு. வழுக்கும் பொருள் தடவினால் உராய்வு குறைந்து, டார்க் ரெஞ்ச் சரியான எண்ணில் 'டிக்' அடித்தாலும் மரை அதைவிட அதிகமாக இழுபட்டிருக்கும்.

வாஷர் தட்டி, விரலால் இனி நகராது என்ற பிறகுதான் ரெஞ்ச். அலுமினிய ஹெட்டில் வாஷர் வைத்த 14 எம்எம் மரைப் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். 12 எம்எம் மரைக்கு 15 முதல் 20. 10 எம்எம் மரைக்கு 10 முதல் 12. வாஷரே இல்லாமல் கூம்பு வடிவத்தில் உட்காரும் 14 எம்எம் பிளக்குக்கு 10 முதல் 20. வண்டிப் புத்தகம் வேறு எண் சொன்னால் அதுதான் முடிவு.

டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்குக் கோணக் கணக்கு உண்டு. வாஷர் வைத்த புது 14 எம்எம் பிளக் என்றால் விரல் இறுக்கத்துக்குப் பிறகு அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று. இந்தச் சுற்றில்தான் வாஷர் நசுங்கிச் சீல் ஆகிறது. ஒருமுறை நசுங்கிய பழைய பிளக்கையே திரும்பப் போட்டால் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும், கடிகாரத்தில் ஐந்து நிமிஷம் நகர்வது போல. கூம்புப் பிளக்குக்குப் பதினாறில் ஒரு பங்கு மட்டும். அதை அரைச் சுற்று சுற்றினவர்கள் அடுத்த முறை கழற்றும்போது அழுவார்கள். மெலிந்த மரைகளுக்குப் பிளக் பெட்டியில் அச்சிட்டிருக்கும் படத்தைப் பாருங்கள்.

குறைவாக முறுக்கினாலும் தப்புதான். பிளக் தன் சூட்டை வாஷர், மரை வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. தளர்வாக இருந்தால் சூடு தேங்கி முனை உருகும், கம்ப்ரெஷனும் கசியும்.

மேல்முனையில் திருகி வைத்த சின்னக் குமிழ் இருக்கும் ரகமென்றால், மாட்டுவதற்கு முன்பே அதைக் கொறடால் இறுக்கிப் பாருங்கள். காயில் ரப்பரின் உள்விளிம்பில் மின்சாரம் கடத்தாத டயலெக்ட்ரிக் கிரீஸ் மெல்லிய பூச்சாகத் தடவினால் அடுத்த முறை ஒட்டாமல் வரும், ஐப்பசி மழையில் ஈரமும் உள்ளே இறங்காது. பிறகு காயிலை நேராக அமுக்கி உட்காரவைத்து, 10 எம்எம் போல்ட்டை இரண்டு விரல் பலத்தில் இறுக்கி, கப்ளர் 'டிக்' என்று பூட்டும்வரை தள்ளுங்கள். பேட்டரி டெர்மினல் கடைசியில்.

ஸ்டார்ட் செய்த பிறகு

எஞ்சின் ஒரே சீராக ஓட வேண்டும். மிஸ் அடித்தால் பயப்படாமல் நிறுத்திவிட்டுக் கப்ளர்களை மறுபடி பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை ஒன்று பாதிதான் பூட்டியிருக்கும். செக் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது, இப்படியே போகும். அந்தக் காயிலைப் பக்கத்துச் சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறு எண்ணும் கூடவே நகர்ந்தால் காயில்தான் குற்றவாளி. நகராவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பீங்கானைப் பாருங்கள். ஓடும் எஞ்சினில் காயிலைத் தூக்கிப் பொறி வருகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் வேண்டாம். அங்கே பாயும் வோல்டேஜ் பல ஆயிரங்களில்.

நின்ற இடத்தில் சரியாக ஓடுவதை மட்டும் நம்பாதீர்கள். குறைந்த வேகத்தில் எஞ்சினுக்குப் பாரம் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். பலவீனமான பிளக்கும் காயிலும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். நேரமிருந்தால் ஏலகிரி ஏறிப் பாருங்கள், பதினான்கு கொண்டை ஊசி வளைவிலும் வண்டி குலுங்காமல் ஏறினால் வேலை சுத்தம். அவ்வளவு தூரம் முடியாதவர்கள் பைபாஸ் மேம்பால ஏற்றத்தில் ஒரு கியர் மேலே வைத்து மெதுவாக ஆக்சிலேட்டரை மிதித்தாலே போதும். வீட்டுக்கு வந்ததும் கிலோமீட்டரையும் பிளக் எண்ணையும் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள்.